கிட்டார் கச்சேரிக்கும் ஒழுங்கா விமர்சனம் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க கலை பக்கத்துல ஒரு கிட்டார் கச்சேரி பத்தி செய்தி வந்திருந்தது, பெரிய கலர் போட்டோ, கீழ நாலு வரி. கிழக்கும் மேற்கும் சங்கமிச்சுதாம், ரசிகர்கள் மெய்மறந்தாங்களாம், அதோட முடிஞ்சுது. என்ன ராகம் வாசிச்சாங்க, என்ன தாளம், பக்கத்துல மிருதங்கம் வாசிச்சவர் பேரு என்ன, எதுவுமே இல்ல. அதே பக்கத்துல அடுத்த பத்தியில ஒரு வாய்ப்பாட்டு கச்சேரிக்கு உங்க விமர்சகர் எவ்வளவு அழகா எழுதியிருக்கார், தோடி ஆலாபனையில எந்த ஸ்வரத்துல நின்னாங்க, நிரவல் எந்த வரியில, தனி ஆவர்த்தனத்துல என்ன நடை, எல்லாம் வருது. அதை படிச்சா கச்சேரிக்கு போகாதவனுக்கும் காதுல ஏதோ கேக்குது. கிட்டாருக்கு மட்டும் ஏன் சார் அந்த மரியாதை கிடையாது? ‘ஃப்யூஷன்’னு ஒரு லேபிள் ஒட்டிட்டா அதுக்கு மேல கேக்க வேண்டியது எதுவும் இல்லன்னு ஆயிடுது. இது உங்க பேப்பர் மட்டும் பண்றது இல்ல, தமிழ்ல எல்லாருமே இப்படித்தான் எழுதறாங்க, ஆனா நான் காலையில காபியோட படிக்கிறது உங்க பேப்பர்தான்ங்கறதால உங்களுக்கு எழுதறேன்.

இந்த கிட்டார் விஷயத்துல உண்மையிலேயே கேக்கறதுக்கும் எழுதறதுக்கும் நிறைய இருக்கு, அதை கொஞ்சம் சொல்லிடறேன். முதல்ல அந்த வாத்தியத்தோட பிரச்சனை என்னன்னு பாருங்க. கிட்டார்ல கழுத்து பூரா ஃப்ரெட் கம்பி அடிச்சிருக்கு, விரலை வச்சா அந்த ஸ்வரம் அப்படியே நேரா கேக்கும், நம்ம சங்கீதத்துக்கு அது பத்தாது. தோடி ராகத்துல காந்தாரத்தை நேரா புடிச்சு நின்னா அது தோடியே இல்ல, ஸ்வரம் எல்லாம் சரியாத்தான் இருக்கும், ஆனா கேக்கறவனுக்கு சிந்துபைரவி ராகம் மாதிரி கேக்கும். அந்த காந்தாரம் (க) ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவுல ஆடணும். வீணையில இதுக்கு வழி இருக்கு, 24 மெட்டையும் (வீணையோட ஃப்ரெட்) மெழுகுல உயரமா பதிச்சிருக்காங்க, விரல் தந்தியை மட்டும்தான் தொடும், பக்கவாட்டுல நல்லா இழுத்து ஒரே மெட்டுலேருந்து மூணு நாலு ஸ்வரம் வாங்கலாம். கிட்டார்ல ஃப்ரெட் உயரம் ரொம்ப கம்மி, விரல் நேரா மரத்துல போய் இடிக்கும், தந்தி டைட்டா இருக்கும், ரொம்ப தூரம் இழுக்கவும் முடியாது.

அதனால கிட்டாரை நம்ம பக்கம் கொண்டு வந்தவங்க எல்லாருமே முதல்ல சண்டை போட்டது இந்த ஃப்ரெட்டோடதான். யாரு எப்படி சண்டை போட்டாங்கங்கறதுலதான் அவங்கவங்க சங்கீதமே இருக்கு.

ஜான் மெக்லாஃப்லினை எடுத்துக்கோங்க. 1942-ல இங்கிலாந்துல யார்க்‌ஷயர்ல பிறந்தவர், ஜாஸ்ல பெரிய ஆளு, 70-கள்ல மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரான்னு ஒரு குரூப் வச்சு காது கிழியற மாதிரி எலக்ட்ரிக் கிட்டார் வாசிச்சு உலகம் பூரா பேரு வாங்கினவர். அந்த உச்சத்துல இருந்தப்ப அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டியில நம்ம டாக்டர் எஸ். ராமநாதன் கிட்ட போய் உக்காந்து வீணை கத்துக்கிட்டார். கிட்டார்காரர், கிட்டாரை ஓரமா வச்சுட்டு வீணை கத்துக்கிட்டார், இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க. அப்புறம்தான் தனக்குன்னு ஒரு கிட்டார் செய்யச் சொன்னார், கிப்சன் கம்பெனியில ஏப்ரகாம் வெக்டர்ங்கறவர் செஞ்சு குடுத்தது. ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கற மரத்தை குழி குழியா செதுக்கி எடுத்துட்டாங்க, அதனால விரல் மரத்துல இடிக்காம வீணை மாதிரியே தந்தியை இழுக்க முடிஞ்சுது. அது போதாதுன்னு மெயின் தந்திங்களுக்கு அடியில குறுக்க ஏழு தந்தி, சித்தார்ல மெயின் தந்தியோட கூடவே அதிரற தரப் தந்தி இருக்குமே அது மாதிரி, தனியா மீட்டினா சுருதி மாதிரி குடுக்கும். அந்த கிட்டார் போட்டோ இண்டர்நெட்ல கிடைக்குது, பாருங்க, ஒரு மனுஷன் ஒரு சங்கீதத்து மேல ஆசைப்பட்டு தன்னோட வாத்தியத்தையே மாத்திக்கிட்டதுக்கு சாட்சி அது.

அந்த கிட்டாரோட வந்த குரூப்தான் ‘சக்தி’. முதல் ரெக்கார்ட் 1975 ஜூலையில அமெரிக்காவுல ஒரு காலேஜ்ல நேரடி கச்சேரியா பதிவானது, 1976-ல வெளியாச்சு. அதுல யாரு யாரு இருந்தாங்கன்னு நம்ம ஊர் பேப்பர்லயே சரியா வர்றது இல்லைங்கறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். வயலின் எல். சங்கர், சென்னையில பிறந்து யாழ்ப்பாணத்துல வளர்ந்தவர், அவங்க அப்பா வி. லட்சுமிநாராயணா அங்க சங்கீத ஆசிரியரா இருந்தவர், 1958 கலவரத்துக்கு அப்புறம்தான் குடும்பம் சென்னைக்கு திரும்பிச்சு. கடம் விக்கு விநாயக்ராம். மிருதங்கம் ராமநாதபுரம் வி. ராகவன். தபலா ஜாகீர் உசேன். அஞ்சு பேர்ல மூணு பேரு நம்மாளுங்க சார்! அப்புறமும் ‘மேற்கத்திய கலைஞர் கிழக்கை தேடி வந்தார்’னு ஒரே பாட்டா பாடறாங்க. அவர் தேடி வந்தது உண்மைதான், ஆனா வந்த இடத்துல வீட்டுக்காரங்க இருந்தாங்களே, அவங்க பேரையும் எழுதுங்க.

அந்த முதல் ரெக்கார்டோட கடைசி உருப்படி கிட்டத்தட்ட அரை மணி நேரம் போகும். அதை பொறுமையா கேட்டீங்கன்னா ஒண்ணு புரியும், அது கிட்டார் சோலோவுக்கு பின்னாடி தாளம் தட்டற சமாச்சாரம் இல்ல. கிட்டாரும் வயலினும் ஒருத்தர் விட்ட இடத்துலேருந்து இன்னொருத்தர் எடுக்கறாங்க, நம்ம கச்சேரியில குறைப்பு ஸ்வரம் வரும்போது பாடகருக்கும் வயலினுக்கும் நடக்குமே அதேதான், இவர் எட்டு ஆவர்த்தனம் வாசிச்சா அவரும் எட்டு, அப்புறம் நாலு, ரெண்டு, ஒண்ணு, கடைசியில எல்லாரும் சேர்ந்து கோர்வையை (முடிக்கற தாள அமைப்பை) சமத்துல, அதாவது தாளம் ஆரம்பிக்கற இடத்துல, கொண்டு போய் போடறாங்க. ஜாஸ்லயும் இப்படி மாத்தி மாத்தி வாசிக்கற வழக்கம் உண்டு, நாலு பார் எனக்கு நாலு பார் உனக்குன்னு. ரெண்டு ஊர் வழக்கமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற இடம் அது, அதை அவங்க கண்டுபுடிச்சாங்க. உங்க விமர்சகர் இந்த மாதிரி ஒரு இடத்தை சுட்டிக்காட்டி எழுதினா எத்தனை பேரு புதுசா கேக்க ஆரம்பிப்பாங்க!

தாளம்னதும் இன்னொண்ணு. மெக்லாஃப்லின் வாயாலயே தாளச் சொல் சொல்ற கொன்னக்கோலை வெறும் அலங்காரமா வச்சுக்கல, 2007-ல விக்குவோட மகன் செல்வகணேஷோட சேர்ந்து கொன்னக்கோல் கத்துக் குடுக்கற டிவிடியே வெளியிட்டார். தகதிமி தகஜுணுவை உலகத்துல எந்த வாத்தியக்காரரும் கத்துக்கலாம், அது தாளத்தோட பொது மொழின்னு அவர் நம்பினார். இன்னைக்கு வெளிநாட்டு கிட்டார் பசங்க, டிரம்ஸ் பசங்க யூடியூப்ல கொன்னக்கோல் போடறாங்கன்னா அதுக்கு பின்னாடி இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க.

80-களுக்கு முன்னாடியே அந்த குரூப் கலைஞ்சு போச்சு, 1997-ல வேற பேருல திரும்ப வந்துது, அதுக்கு அப்புறம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், செல்வகணேஷ் சேர்ந்தார், அப்புறம் சங்கர் மகாதேவன். ஸ்ரீநிவாஸ் 2014-ல 45 வயசுல போயிட்டார், அதை இப்ப எழுதும்போதும் மனசு கனக்குது. 2023-ல சக்திங்கற பேருலயே திரும்ப ஒரு ஆல்பம் போட்டாங்க, வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன், 2024 பிப்ரவரியில அதுக்கு கிராமி கிடைச்சுது. அந்த வருஷம் டிசம்பர்லயே ஜாகீர் உசேனும் போயிட்டார். கிராமி வாங்கின அன்னைக்கு நம்ம பேப்பர் எல்லாத்துலயும் முதல் பக்கம், ஆனா அந்த ஆல்பத்துல என்ன சங்கீதம் இருக்குன்னு ஒரு வரி நான் தமிழ்ல படிக்கல.

சரி, மரத்தை செதுக்கினது ஒரு வழி. இன்னொரு வழி ஃப்ரெட்டை கண்டுக்காமலே விட்டுடறது. ஹவாய் கிட்டார்னு ஒண்ணு உண்டு, மடியில படுக்க வச்சு தந்தி மேல ஒரு இரும்பு உருளையை வழுக்கி வாசிக்கறது, ஃப்ரெட்ல அழுத்தவே வேண்டாம். நம்ம கோட்டுவாத்தியம் கேட்டவங்களுக்கு இது புதுசே இல்ல, அதுலயும் மெட்டு கிடையாது, கட்டையை வழுக்கித்தான் வாசிக்கறாங்க. ஹிந்துஸ்தானியில ஜோத்பூர்காரர் பிரிஜ் பூஷண் காப்ரா, அலி அக்பர் கானோட சிஷ்யர், இந்த மாதிரி கிட்டாரை ராக சங்கீதத்துக்கு கொண்டு வந்தார், 1967-ல சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோட அவர் சேர்ந்து வாசிச்ச ரெக்கார்ட் இன்னைக்கும் ஓடுது. அப்புறம் விஸ்வ மோகன் பட் இன்னும் ஒரு படி போய் கிட்டார்லயே 12 தரப் தந்தி, சுருதிக்கும் தாளத்துக்கும் தட்டற சிகாரி தந்தி எல்லாம் ஏத்தி மோகன வீணைன்னு பேரு வச்சார்.

அவரும் அமெரிக்க கிட்டார்காரர் ரை கூடரும் சேர்ந்து பண்ண ரெக்கார்ட் எனக்கு ரொம்ப புடிக்கும். கலிஃபோர்னியாவுல சாண்டா பார்பராவுல ஒரு சர்ச் சேப்பல்ல பதிவு பண்ணது, பதிவு பண்ணவர் இலங்கையில பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். ரெண்டு பேரும் அன்னைக்குத்தான் முதல் தடவையா நேர்ல பாத்துக்கிட்டாங்க, ஒத்திகை கிடையாது, எழுதி வச்ச நோட்ஸ் கிடையாது, உக்காந்து வாசிச்சாங்க. தபலா ஒருத்தர், கூடரோட பையன் ஒரு அரேபிய கைமேளம், அவ்வளவுதான். 1994-ல அதுக்கும் கிராமி. அது ஏன் அவ்வளவு அழகா பொருந்திச்சுன்னா அமெரிக்காவோட ப்ளூஸ்லயும் கிட்டார்காரங்க பாட்டில் கழுத்தை விரல்ல மாட்டி தந்தியில வழுக்கி மனுஷன் அழற மாதிரி வாசிக்கற வழக்கம் உண்டு. ப்ளூஸ்லயும் ஸ்வரம் நேரா நிக்காது, இறங்கும், குழையும், ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கற இடத்துல நிக்கும். கமகம்ங்கறது, அதாவது ஸ்வரத்தை ஆட்டி குழைச்சு வாசிக்கறது, நமக்கு மட்டும் சொந்தமில்ல போலன்னு அதை கேக்கும்போது தோணும். கூடர் அதுல தன்னை முன்னாடி தள்ளிக்கவே மாட்டார், பட் ஒரு வரி முடிக்கற வரைக்கும் காத்திருந்து மெதுவா ஒரு பதில் சொல்வார், அந்த பொறுமைக்காகவே கேக்கலாம்.

மூணாவது வழிதான் இருக்கறதுலயே கஷ்டமானது, சாதாரண கிட்டாரை வச்சுக்கிட்டே விரலால ஜெயிக்கறது. 80-கள்லயே சுகுமார் பிரசாத் எலக்ட்ரிக் கிட்டார்ல முழு கர்நாடக கச்சேரி பண்ணார், இன்னைக்கு எத்தனை பேருக்கு அந்த பேரு ஞாபகம் இருக்குன்னு தெரியல. அவருக்கு அப்புறம் ஆர். பிரசன்னா, ராணிப்பேட்டைக்காரர், சென்னை ஐஐடியில கப்பல் கட்டற என்ஜினியரிங் படிச்சவர், அமெரிக்காவுல பெர்க்லீ காலேஜ்ல ஜாஸ் படிச்சவர். அவர் தியாகராஜர் கீர்த்தனையும் வாசிப்பார், ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியா ஒரு ஆல்பமும் போட்டிருக்கார். ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்கறதும் இல்ல, கீர்த்தனை வாசிக்கும்போது கீர்த்தனை, ஜாஸ் வாசிக்கும்போது ஜாஸ், ரெண்டும் சேர வேண்டிய இடத்துல தெரிஞ்சேதான் சேக்கறார்.

என் அக்கா பொண்ணு கிட்டார் கிளாஸ் போறா, வீட்ல வீணையும் கத்துக்கிட்டா, அவ முயற்சி பண்றதை பக்கத்துல உக்காந்து பாத்ததால சொல்றேன். தோடி காந்தாரத்தை கிட்டார்ல கொண்டு வர ரிஷபத்தோட ஃப்ரெட்ல ரெண்டு விரலை சேத்து வச்சு தந்தியை மேல தள்ளறா, மத்தியமம் வரைக்கும் போய் திரும்பி வரணும், அதுவும் ஒரே அளவுல. தள்ளும்போது பக்கத்து தந்தி விரலுக்கு அடியில மாட்டி ஒரு கீச் சத்தம் வரும், அதை வலது கையோட உள்ளங்கையால அமுக்கிக்கணும். அக்வஸ்டிக் கிட்டார்ல மூணாவது தந்தி கம்பி சுத்தினதா இருக்கும், அது தள்ளவே தள்ளாது, அதனால மெல்லிசு தந்தி செட் வாங்கி மாட்டினா. விரல் நுனியில தோல் உரிஞ்சு காய்ச்சு போயிருக்கு. அவ டீச்சர் கார்டு (பல ஸ்வரத்தை ஒண்ணா மீட்டறது) மட்டும் சொல்லி குடுக்கறார், இதெல்லாம் அவளா யூடியூப் பாத்து, வீணை டீச்சர் கிட்ட கேட்டு பண்றது. இந்த பொண்ணு உங்க பேப்பரை திறந்து ‘கிழக்கும் மேற்கும் சங்கமித்தன’ன்னு படிச்சா அவளுக்கு அதுலேருந்து என்ன கிடைக்கும்? அந்த மேடையில இருந்தவர் காந்தாரத்தை தள்ளி வாசிச்சாரா, இறக்கி வாசிச்சாரா, வழுக்கி வாசிச்சாரா, அதை ஒரு வரி எழுதினா அவளுக்கு ஒரு வாரத்துக்கு சாதகம் பண்ண விஷயம் கிடைச்சிடும்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கு, இதை எழுதறதுக்கு உங்க விமர்சகருக்கு கொஞ்சம் தைரியமும் வேணும். எல்லா கலப்பும் நல்லா இருக்கறது இல்ல. நம்ம சங்கீதம் சா பா சுருதியில நிக்குது, அது அசையாது. மேற்கத்திய சங்கீதம் கார்டு மாத்தி மாத்திதான் நடக்குது. மோகன ராகம் வாசிக்கறாங்கன்னு வைங்க, கீழ ரிதம் கிட்டார்காரர் அழகுக்காக தைவதத்தை (த) அடியா வச்சு ஒரு மைனர் கார்டுல போய் உக்காந்துட்டார்னா, கேக்கறவன் காது அந்த தைவதத்தை சா-ன்னு எடுத்துக்கும், ஸ்வரம் ஒண்ணும் மாறல, ஆனா மோகனம் போய் சுத்த தன்யாசி வந்து நிக்கும். தெரிஞ்சு பண்ணா அது கிரக பேதம், அருமையா இருக்கும். தெரியாம பண்ணா ராகம் செத்துப்போச்சு. அதே மாதிரி நிறைய ஃப்யூஷன் குரூப் கீரவாணி, சாருகேசி, சங்கராபரணம் இதுலயே சுத்தி சுத்தி வர்றாங்க, ஏன்னா கீரவாணி அவங்களோட ஹார்மோனிக் மைனர், சங்கராபரணம் அவங்களோட மேஜர் ஸ்கேல், விரலுக்கு ஏற்கனவே பழகின பாதை. அதுல தப்பில்ல, ஆனா ஸ்கேலை மேலயும் கீழயும் வேகமா ஓட்டறது ராகம் வாசிக்கறது ஆகாது, இதை யாராவது நாகரிகமா எழுதித்தானே ஆகணும்? ‘மெய்மறந்தனர்’னு எழுதினா நல்லா வாசிச்சவருக்கும் அது அநியாயம், சுமாரா வாசிச்சவருக்கும் அது அநியாயம்.

‘இதெல்லாம் நம்ம சம்பிரதாயம் இல்லையே, எதுக்கு இவ்வளவு அக்கறை’ன்னு உங்க ஆபீஸ்ல யாராவது கேக்கலாம். வயலின் எங்கேருந்து வந்துது சார்? முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மெட்ராஸ்ல வெள்ளைக்காரர் கிட்ட கத்துக்கிட்டு வந்தது. தீட்சிதரே வெள்ளைக்காரங்க பேண்டு மெட்டுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரம்னு பண்ணியிருக்கார், இன்னைக்கும் குழந்தைங்களுக்கு அதை சொல்லி குடுக்கறாங்க. இருநூறு வருஷம் ஆச்சு, இப்ப வயலின் இல்லாம ஒரு கச்சேரி உண்டா? ஸ்ரீநிவாஸ் சின்ன பையனா எட்டு தந்தி மாண்டலினை அஞ்சு தந்தி எலக்ட்ரிக் மாண்டலினா மாத்திக்கிட்டு சபா மேடை ஏறினப்பவும் முகம் சுளிச்சவங்க இருந்தாங்க, அப்புறம் அவங்களே முதல் வரிசையில உக்காந்தாங்க. கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனும் அப்படித்தான். வயலின்ல ஃப்ரெட் கிடையாது, அதனால அது சீக்கிரம் உள்ள வந்துடுச்சு, கிட்டாருக்கு ஃப்ரெட் இருக்கறதால கொஞ்சம் லேட் ஆகுது, அவ்வளவுதான் வித்தியாசம்னு நான் நினைக்கறேன்.

அதோட தமிழங்க காதுக்கு கிட்டார் அந்நியமும் இல்ல. இளையராஜா ட்ரினிட்டி காலேஜ் பரீட்சையில கிளாசிக்கல் கிட்டாருக்கு தங்க மெடல் வாங்கினவர், அவர் பாட்டுல கிட்டார் வர்ற இடத்தை ஆட்டோ ஓட்டறவர்லேருந்து கலெக்டர் வரைக்கும் வாயாலயே வாசிச்சு காட்டுவாங்க. இவ்வளவு பழகின காதுங்க இருக்கற ஊர்ல பாட்டு இல்லாத தனி கிட்டார் கச்சேரிக்கு ஏன் எப்பவும் கூட்டம் குறைவா இருக்கு? எப்படி கேக்கணும்னு சொல்லி குடுக்க ஆள் இல்லாததும் ஒரு காரணம்னு எனக்கு உறுதியா தோணுது, அந்த வேலையை பேப்பர் பண்ணலாம், முன்னாடி கர்நாடக சங்கீதத்துக்கு தமிழ் பத்திரிகைங்கதானே பண்ணிச்சு, விமர்சகர் சுப்புடு எழுதினா சண்டை போட்டுக்கிட்டாவது படிச்சாங்களே.

அதனால நான் கேக்கறது இதுதான். மார்கழி சீசன் பக்கம் வரும்போது கிட்டார், மாண்டலின், சாக்ஸஃபோன் கச்சேரிங்களை ‘நகரில் இன்று’ங்கற பொடி எழுத்து பகுதியில போடாம சங்கீத விமர்சன பக்கத்துலயே போடுங்க. கிட்டார் தெரிஞ்ச ஒருத்தரையும் ராகம் தெரிஞ்ச ஒருத்தரையும் சேத்து அனுப்புங்க, ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆள் கிடைச்சா இன்னும் நல்லது, இப்ப அப்படி சின்ன வயசு பசங்க நிறைய பேரு இருக்காங்க. ராகம், தாளம், கிட்டார் என்ன வகை, சுருதி எப்படி வச்சிருந்தாங்க, கார்டு எங்க உதவிச்சு எங்க இடிச்சுது, இதெல்லாம் நாலு பத்தியில எழுதச் சொல்லுங்க. தயவுசெஞ்சு கடம், மிருதங்கம், கஞ்சிரா வாசிச்சவங்க பேரை விடாம போடுங்க, இப்ப போன ஞாயித்துக்கிழமை போட்டோவுல கடத்தோட உக்காந்திருந்தவர் பேரு எனக்கு இன்னும் தெரியல, அந்த பேரை மட்டுமாவது வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு திருத்தமா போட்டீங்கன்னா சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர்,
ஸ்ரீரங்கம்